காட்டேரியும் அவலச்சுவையும்

பிறர் குருதியை உண்டு வாழும் காட்டேரி அச்சந் தருதல் இயல்பு, இரக்கத்துக்குரியதாவது யாங்ஙனம்? பிராம் ஸ்ரோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' பெரும்பாலும் நாட்குறிப்புக்களாலும் கடிதங்களாலும் ஆயது. ஆயினும் டிராகுலாவின் நாட்குறிப்பு அதில் ஒன்றேனும் இல்லை. பகைவரே அவனைப் பற்றிப் பேசுகின்றனர். அவன் நெஞ்சம் நமக்கு மூடியே கிடக்கின்றது. முற்றத் தீயவனின் வீழ்ச்சி இரக்கத்தை எழுப்பாது என அரிஸ்ரோட்டில் கூறியதும் ஈண்டுப் பொருந்தும்.

அமெரிக்க எழுத்தாளர் ஆன் றைஸ் 1976இல் வெளியிட்ட 'காட்டேரியுடன் நேர்காணல்' என்னும் நாவலிற் காட்டேரியே தன் கதையைக் கூறுகின்றது. பின்னர் நீண்டதொரு நாவல் வரிசைக்கு இதுவே முதலாயிற்று. 1791இல் லூயிசியானாவில் அடிமைகளைக் கொண்டு தோட்டம் நடத்திய லூயி, தம்பியின் சாவுக்குத் தானே காரணமென நொந்து இறப்பை விரும்பியிருந்த காலத்தில், லெஸ்ராற் என்பவனாற் காட்டேரியாக்கப்படுகின்றான். உடல் மாறிற்று, மனச்சான்று மாறவில்லை. மனிதரைக் கொல்ல மனமின்றி விலங்குகளின் குருதியால் உயிர் தாங்குகின்றான். (அடிமைகளின் துயர் அவன் புலம்பலிற் சிறிதே இடம்பெறுதல் நாவலின் குறையே.) ஓரிரவு பசி மேலிட, இறந்த தாயின் அருகிருந்த ஐந்து வயதுச் சிறுமி கிளோடியாவின் குருதியை உண்கின்றான். பின்னர் லெஸ்ராற் அவளையும் காட்டேரியாக்குகின்றான். ஆண்டுகள் பல கழிய அவளறிவு முதிர்ந்த பெண்ணின் அறிவாகின்றது, உடலோ வளர்வதில்லை. அவ்வுடலில் அவளை அடைத்ததற்காக அவள் இருவரையும் வெறுக்கின்றாள். லூயி அவ்வெறுப்பை ஏற்று, அவளைப் பிரியவும் மாட்டாது வாழ்கின்றான்.

நாவலாசிரியரின் மகள் 1972இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அக்குழந்தைக்கும் வயது ஐந்தே.