சைடு பாக்ஸும் கன்டெய்னரும்

திருவொற்றியூரில் 1950-களின் நடுவில் ராயல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள் உற்பத்தி தொடங்கிய காலத்தில் வண்டியோடு வந்த பெட்டி என்றால் அது பக்கவாட்டில் இருந்த சின்ன டூல் பாக்ஸ்தான். அதே நிறுவனம் 2016-இல் ஹிமாலயனை வெளியிட்ட பிறகு, மலையும் மண் பாதையும் தாண்டிப் பல நாள் ஓட்டுவதற்கான வண்டி இங்கே சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் எட்டுகிற பொருளானது. அதோடு கூடவே வந்தது சைடு பாக்ஸ் பற்றிய கேள்வி. துணிமணி, டியூப், கூடாரம், கேமரா எல்லாவற்றையும் பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். கடையில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது, “தகடு எத்தனை எம்எம்?” என்பதுதான். இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பது என் வாதம். பெட்டி சாவது தகட்டின் நடுவில் அல்ல; மூலையில், ரிவெட்டில், கீலில், ரப்பர் பீடிங்கில், பெட்டியை வண்டியோடு பிடித்திருக்கும் கேரியரில். இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் முதுகிலேயே இருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து வடசென்னைக்காரர்கள் அன்றாடம் பார்க்கிற இந்த இரும்புப் பெட்டியின் சுவர்த் தகடு எவ்வளவு கனம் தெரியுமா? பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. சரக்கோடு சேர்த்து முப்பது டன் வரை தாங்கும் பெட்டிக்கு இவ்வளவு மெல்லிய சுவர் போதுமா என்றால், போதும். ஏனென்றால் சுமையைத் தாங்குவது முதன்மையாக நான்கு மூலைத் தூண்களும், மேலும் கீழுமாக எட்டு மூலைகளிலும் வைத்து வெல்டு செய்த வார்ப்புக் கட்டிகளும்தான். கிரேன் பிடிப்பது அந்தக் கட்டியின் துளையில். டிரெய்லரில் பூட்டுவதும் அதே துளையில். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல்பெட்டியின் கனம் இறங்குவதும் கட்டி வழியாகக் கட்டிக்கு. சுவரை வளைவு வளைவாக அழுத்தியிருப்பது மெல்லிய தகட்டுக்கு விறைப்பு தர. கதவில் பதித்திருக்கும் தகட்டில், அடுக்கினால் எவ்வளவு தாங்கும் என்ற எண்ணும் பொறித்திருக்கும். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கன்டெய்னர் பாதுகாப்பு உடன்படிக்கை வகுத்த ஏற்பாடு அது. பக்கச் சுவர் நசுங்கிய கன்டெய்னர்கள் தினமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூலைக்கட்டி விரிசல் விட்டதை எவரும் ஓட்டவிட மாட்டார்கள்.

இதே பார்வையோடு சைடு பாக்ஸுக்கு வருவோம். நல்ல பெயர் வாங்கிய வெளிநாட்டு அலுமினியப் பெட்டிகள் பலவற்றின் தகடு ஒன்றரை மில்லிமீட்டர்தான். கணக்கு எளிது. 45 சென்டிமீட்டர் நீளம், 40 உயரம், 22 அகலம் உள்ள பெட்டி ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும். அதன் ஆறு பக்கங்களும் சேர்ந்து முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை எம்எம் அலுமினியத்தில் தகடு மட்டும் மூன்று கிலோ. தகட்டை இரண்டரை எம்எம் ஆக்கினால் ஐந்து கிலோ. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து நான்கு கிலோ அதிகம், அதுவும் பின்சக்கரத்துக்கு மேலே, வெளிப்புறமாக. ஒரு பெட்டியில் 10 கிலோதான் ஏற்றலாம் என்று பல தயாரிப்பாளர்கள் வரம்பு வைத்திருக்கும்போது, இந்த நான்கு கிலோ சின்ன விஷயமில்லை. அந்தக் கனத்தை மூலைகளிலும் கீலிலும் செலவழித்த பெட்டியே எனக்கு நல்ல பெட்டி. மடித்து ஓரம் முழுக்க வெல்டு வைத்த மூலையா, இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நான்கு ரிவெட் அடித்த மூலையா என்று மூடியைத் திறந்து உள்பக்கமாக விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரியும். ரிவெட் மூலை கெட்டதென்று சொல்ல மாட்டேன். ரிவெட்டுகளுக்கு நடுவே சீலன்ட் இருக்கிறதா, வெளியே மூலைக்குத் தனிக் கவசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி சாயும்போது தரையில் முதலில் மோதுவது பெரும்பாலும் கீழ்மூலை.

அடுத்தது கேரியர். கன்டெய்னரை டிரெய்லர் அடியிலிருந்து தாங்குகிறது. சைடு பாக்ஸோ பக்கவாட்டில் தொங்குகிறது. சரக்கோடு 13 கிலோ இருக்கும் பெட்டி, குழியில் இறங்கி ஏறும் கணத்தில் மூன்று மடங்கு கனப்பதாக வைத்துக்கொண்டால், 39 கிலோ ஒரு குழாயை வெளிப்புறமாக முறுக்குகிறது. இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத அதிர்வு. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று ஓடினால், எட்டு மணி நேரத்தில் 19 லட்சம் முறைக்கு மேல் கேரியரையும் பெட்டியையும் உலுக்கிவிடும். எஞ்சினுக்குள் இருக்கும் பேலன்சர் ஷாஃப்ட் உலுக்கலைக் குறைக்கும், எண்ணிக்கையைக் குறைக்காது. இங்கேதான் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு வருகிறது. இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே உள்ள விசையை எத்தனை கோடி முறை தந்தாலும் அது களைத்து உடையாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்ன விசையும் போதுமான தடவை வந்தால் விரிசலாகும். ஆகவே பெட்டி அலுமினியமாக இருக்கலாம். கேரியர் இரும்புக் குழாயாகவே இருக்க வேண்டும். இடது, வலது கேரியர்களை நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இணைக்கும் குறுக்கு ஸ்டே இல்லாத செட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், மண் சாலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டியும் கேரியரும் தொடும் இடத்தில் ரப்பர் வில்லை இருக்கிறதா, பூட்டிய பிறகு கையால் ஆட்டினால் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறதா என்றும் பார்க்கலாம். அந்தச் சத்தம் வந்தால் துளைகள் நாளடைவில் நீள்வட்டமாகிவிடும்.

ராயபுரத்திலோ எண்ணூரிலோ வண்டி நிறுத்துகிறவருக்கு இன்னொரு கவலை உண்டு. இமயமலையில் லே வரை போகிறவர்களுக்காக எழுதப்படும் குறிப்புகளில் அது அரிதாகவே வரும். உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பதைக் கணிக்க ஐஎஸ்ஓ 9223 என்ற தரநிலை மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: மேற்பரப்பு எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது, காற்றில் உப்பு எவ்வளவு, கந்தக டை ஆக்சைடு எவ்வளவு. கடலும், மணலி சுத்திகரிப்பு ஆலையும், அனல்மின் நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பட்டையில் மூன்றுமே கூடிவருகின்றன. மழை பெய்யாத நாளிலும் தப்ப முடியாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோற்றுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் பின்னிரவும் விடியற்காலையும் இந்த அளவைத் தாண்டுவது சகஜம். அப்போது பெட்டிமேல் படிந்த உப்புத் தூசி முழுவதும் மெல்லிய உப்பு நீர்ப் படலமாக மாறிவிடுகிறது.

அலுமினியம் தனியாக இருந்தால் இதைச் சமாளித்துக்கொள்ளும். அதன்மேல் தானாக உருவாகும் ஆக்சைடு படலம் காப்பாற்றும். சிக்கல் வருவது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் அந்த அலுமினியத்தைத் தொடும் இடத்தில். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் புகுந்தால் அது ஒரு பேட்டரி. அதில் கரைந்து போவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, வாஷருக்கு அடியில் தகடு மாவாகி, ஒருநாள் போல்ட் பளபளவென்று இருக்கத் துளை மட்டும் பெரிதாகிவிடும். பரப்பளவின் விகிதமும் முக்கியம். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் ரிவெட் இருந்தால் அரிப்பு மெதுவாக நடக்கும். பெரிய ஸ்டெயின்லெஸ் பட்டையைச் சின்ன அலுமினிய ரிவெட்டால் பிடித்திருந்தால் ரிவெட் வேகமாகப் போய்விடும். விலை மலிந்த பெட்டிகளில் ஸ்டெயின்லெஸ் கீலை அலுமினியப் பாப் ரிவெட்டால் அடித்திருப்பதைக் கண்டால், தகடு மூன்று எம்எம் என்றாலும் விட்டுவிடுங்கள். பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறார்களே, அது காக்காதா என்று கேட்கலாம். கோட்டிங் முழுசாக இருக்கும்வரை காக்கும். ஆனால் துளையின் விளிம்பிலும் பூட்டின் வாயிலும்தான் அது முதலில் உரிகிறது. உரிந்த இடத்திலிருந்து அரிப்பு பெயின்டுக்கு அடியிலேயே நூல் நூலாக ஓடும். போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நைலான் வாஷரும், மரையில் கொஞ்சம் கிரீஸும் வைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பெட்டி வாங்கிய அன்றே எல்லா போல்ட்டையும் கழற்றி இதைச் செய்வது, தகட்டில் அரை எம்எம் கூடுதலாக வாங்குவதைவிடப் பயன் தரும்.

தண்ணீர் புகுவதற்கும் இதே கதைதான்: தகட்டு வழியாகத் தண்ணீர் வருவதில்லை. கறுப்புப் பெட்டி சித்திரை வெயிலில் உள்ளே 60 டிகிரி சூடாகியிருக்கும்போது திடீர் மழை பிடித்து 30 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 9 சதவீதம் விழும். 40-க்கு 25 சென்டிமீட்டர் மூடிமேல் அது கிட்டத்தட்ட 90 கிலோ அழுத்தம். அந்த உறிஞ்சல் பீடிங் ஓரத்தில் நிற்கும் மழைநீரை உள்ளே இழுக்கும். கடல் மட்டத்தில் மூடிய பெட்டியோடு 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாய் ஏறினால் எதிர்த்திசை விசை வரும்: வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், முற்றிலும் காற்றுப் புகாத பெட்டியின் அதே மூடியை அரை டன் விசை உள்ளிருந்து தள்ளும். அதனால்தான் நல்ல நீர்ப்புகாப் பெட்டிகளில் காற்றை மட்டும் விடும் சின்ன வால்வு இருக்கிறது. கன்டெய்னர் சுவரின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன மூச்சுத் துளைகளும் இதற்காகத்தான். கன்டெய்னர் பரிசோதகர்கள் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லி எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சைடு பாக்ஸுக்கு அதைத் திருப்பிச் செய்யலாம். செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடிப் பூட்டி, இருட்டறையில் சுற்றிலும் பார்த்தால், கீல் பக்கத்து மூலைகளில் ஒளிக்கீற்று வருகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களின் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. பாலிப்ரோப்பிலீன் உப்புக்கு அசையாது. நான்கு எம்எம் கனத்திலும் அலுமினியத்தைவிட லேசு. கடலோரத்தில் குடியிருந்து, பெரும்பாலும் தார்ச் சாலையில் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வதும் அதைத்தான். ஆனால் அதன் கீல் ஊசியும் பூட்டும் உலோகம்தான். அவை ஸ்டெயின்லெஸா என்று பார்க்க வேண்டும். வெயிலைத் தாங்கக் கரித்தூள் அல்லது புற ஊதாக் காப்பு கலந்ததா என்றும் கேட்க வேண்டும். அது இல்லாத பிளாஸ்டிக் சில கோடைகளில் வெளிறி, பொடிந்து போகும். ஸ்பிதி மலைப்பாதையில் கல்லில் மோதினால் அலுமினியம் நெளியும், சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். பிளாஸ்டிக் பிளந்தால் டேப் ஒட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இன்னொரு கட்சி, நம் ஊர் பேப்ரிகேஷன் பட்டறையில் ஒரு எம்எம் இரும்புத் தகட்டில் செய்துகொள்ளலாம் என்பது. அதே அளவுப் பெட்டி ஆறு கிலோ நெருங்கும். ஆனால் எந்த ஊரிலும் வெல்டு வைக்கலாம், விலையும் கட்டுப்படியாகும். கேரியரும் பெட்டியும் ஒரே உலோகம் என்பதால் முன்சொன்ன பேட்டரிச் சிக்கலும் குறைவு. வெல்டு முழுவதும் முடிந்த பிறகு மொத்தமாகக் கால்வனைஸ் செய்யச் சொல்ல வேண்டும். கால்வனைஸ் தகட்டை வாங்கி அதன்மேல் வெல்டு அடித்தால், வெல்டு ஓரத்தில் துத்தநாகம் எரிந்துபோய்த் துரு சரியாக மூலையில்தான் தொடங்கும்.

துணிப் பை கட்சியினரின் வாதத்துக்கு நான் அதிகம் மதிப்புக் கொடுக்கிறேன். மணலிலோ சேற்றிலோ தடுமாறிக் காலை ஊன்றும்போது வண்டி முன்னே நகர்ந்தால், கெட்டிப் பெட்டியின் அடியில் கெண்டைக்கால் மாட்டிக்கொள்ளும். கால் எலும்பு முறிவது உண்மையான அபாயம். கரடுமுரடான மலைப்பாதைதான் பயணத்தின் பெரும்பகுதி என்றால் துணிப் பையே சரி. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வழி பிடித்து ஊரைத் தாண்டி, இரவு லாட்ஜ் வாசலில் வண்டியை விட்டுவிட்டுத் தூங்க வேண்டியவருக்குத்தான் பூட்டுள்ள கெட்டிப் பெட்டி. அவரும் இரு பெட்டிகளின் வெளி அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டாத அளவில் வாங்க வேண்டும். முன்பக்கம் நுழைந்த சந்தில் பின்பக்கம் மாட்டிக்கொண்டால் அடி விழுவது கேரியரின் வெல்டுக்கு.

ஊர் திரும்பியதும் பெட்டிகளைக் கழற்றி, கேரியரோடு உரசும் பின்பக்கத்தைக் கழுவ வேண்டும். இங்கே தண்ணீரையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மீஞ்சூர், எண்ணூர் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட விஷயம். போர்வெல் தண்ணீரில் வாட்டர் வாஷ் செய்தால், சேறு போய் உப்பு ஒட்டிக்கொள்ளும். சேறு போக எந்தத் தண்ணீரை வேண்டுமானாலும் அடிக்கட்டும். கீல், பூட்டு, போல்ட் தலை, பீடிங் ஓரம் ஆகியவற்றில் கடைசியாக ஊற்றும் ஒரு குடம் மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீராக இருக்க வேண்டும். பிறகு மூடியைத் திறந்தபடி நிழலில் காயவிட்டு, பீடிங்கில் சிலிக்கான் கிரீஸைத் தொட்டுத் தடவினால் போதும்.