புல்லில் விழுந்தது, பாலில் வந்தது

குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் அதனை முகர்ந்து பார்ப்பாள். ஐயம் தோன்றின் ஒரு சொட்டினை நாவிலும் இட்டுப் பார்ப்பாள். நிறமும் மணமும் சுவையும் சிறிதும் மாறாமலே பால் தீங்காகக் கூடுமோ? கூடும் என்பதை 1986-ஆம் ஆண்டு உலகிற்கு உணர்த்தியது.

அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் பின்னிரவில், அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. ஏறத்தாழப் பத்து நாட்கள் அதிலிருந்து கதிரியக்கப் பொருள்கள் வானில் கலந்தவண்ணம் இருந்தன. காற்று அவற்றைச் சுமந்து சென்றது. மழை அவற்றை மேய்ச்சல் நிலங்களில் இறக்கியது.

எட்டு நாள் தீமை

அவற்றுள் ஒன்று அயோடின்-131. ஒரு பசு நாள்தோறும் பரந்த நிலத்தின் புல்லை மேய்கிறது; அப்புல்லெங்கும் படிந்தது அதன் மடியில் வந்து சேர்கிறது. பாலைப் பருகும் குழந்தையின் கழுத்திலுள்ள சிறு தைராய்டுச் சுரப்பி, அயோடினை ஆவலுடன் ஈர்த்துக்கொள்கிறது. இந்த அயோடினின் வீரியம் எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே, சில வாரங்கள் அந்தப் பாலைத் தவிர்த்திருந்தாலே போதும். அதனை வெண்ணெயாகவோ பாலாடைக்கட்டியாகவோ ஆக்கிச் சில மாதங்கள் வைத்திருந்தாலும் தீங்கு அகன்றுவிடும்.

ஆனால், 'பருகாதீர்' என்ற அந்த ஒரு சொல், பல சிற்றூர்களுக்கு உரிய வேளையில் எட்டவில்லை. வீட்டுப் பசுவின் பாலை நம்பி வாழ்ந்தோர் வழக்கம்போல் கறந்தனர், பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். அந்நாட்களில் சிறுவராயிருந்தோரிடையே 2005 வரையில் 6,000-க்கு மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் கணிசமானவற்றுக்கு அந்தப் பாலே காரணம் என்பது ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழுவின் முடிவு. மிகப் பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தனர் என்பதே ஆறுதல்.

அண்டை நாடாகிய போலந்து செய்தது வேறு. ஏப்ரல் 29-ஆம் நாளிலிருந்தே அங்கு அயோடின் மருந்து வழங்கலாயினர். ஒரு கோடிக்கு மேற்பட்ட சிறுவர் அதனைப் பெற்றனர். பசுக்களைப் பசும்புல்லில் மேயவிடுவதும் தடுக்கப்பட்டது. குழந்தைகளுக்குப் பால்மாவு அளிக்கப்பட்டது.

முப்பது ஆண்டுத் தீமை

மற்றொன்று சீசியம்-137. இதன் வீரியம் பாதியாகக் குறையவே முப்பது ஆண்டுகள் ஆகும். களிமண் இதனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் மக்கிய தழை மிகுந்த மலைநிலம் பயிருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். எனவேதான், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த வேல்ஸ் நாட்டுக் குன்றுகளிலும் ஆயர்கள் துன்புற்றனர். பிரிட்டனில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட செம்மறியாடுகள் தடைக்குள்ளாயின. கருவியால் அளந்து, அளவு மீறிய ஆட்டிற்கு வண்ணமிட்டு ஒதுக்கினர். சமவெளிப் புல்லில் சில வாரம் மேய்ந்தால் அதன் உடல் தூய்மையாகிவிடும். கடைசித் தடை நீங்கியது 2012-இல். ஆம், இருபத்தாறு ஆண்டுகள்! விபத்தின்போது தந்தைக்குத் துணைநின்ற சிறுவன், தடை நீங்கியபோது தானே ஒரு தந்தையாகியிருப்பான்.

அளப்பதும் சொல்வதும்

2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் விபத்து நேர்ந்தது. மறு ஆண்டிலிருந்து அம்மாநில உழவர் தம் அரிசியை ஒரு மூட்டை விடாமல் சோதனைக்கு உட்படுத்தினர். எனினும், தூய்மையென்று அளந்து காட்டிய அரிசியையும் வாங்கத் தயங்கியோர் பலர். நிலம் தேறினாலும் நம்பிக்கை எளிதில் தேறுவதில்லை.

வயலிலிருந்து நம் உண்கலம்வரை உணவு பல கைகள் மாறி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத தீங்கை எந்தத் தாயும் முகர்ந்தறிய இயலாது. அளந்தவர் உண்மையை உரைத்தாலன்றி அவளுக்கு வேறு காவல் இல்லை. போலந்துக் குழந்தைகளைக் காத்தவை பால்மாவும் மருந்தும் மட்டுமல்ல. காலத்தே சொல்லப்பட்ட உண்மையுமாம். அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. மறைக்காது சொல்வது அறிந்தவர் கடமை.