பாலத்துக்கும் நாடி பார்க்கலாம்

(இறுதியாண்டு சிவில் மாணவர் ஒருவர்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கவிதை எழுத மெக்கானிக்கல் நண்பர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை, என் வீட்டோடு சம்பந்தப்பட்டதை எழுதுகிறேன்.

என் ஊர் போடிநாயக்கனூர். அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். விடிவதற்கு முன்னால் ஜீப் வந்து தெருமுனையில் நிற்கும். எத்தனை பேர் ஏற வேண்டும் என்று ஆர்.டி.ஓ. சொல்கிறாரோ அதற்கு இரண்டு மடங்கு பேர் ஏறுவார்கள். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மெட்டைத் தாண்டி பூப்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோடு பிரியும். வழியில் எத்தனை சிறு பாலங்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. நான் டிப்ளமோ சேர்ந்த முதல் வருஷம் அம்மா கேட்டார்: "ஏப்பா, நீ பாலம் கட்டத்தான படிக்கிற? எஸ்டேட்டுக்குத் திரும்புற எடத்துல ஒரு கல்லுப் பாலம் இருக்கே, செவுரு வெடிச்சுக் கெடக்கு. அது எம்புட்டு நாளைக்கு நிக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புதுப் பாலம் டிசைன் பண்ணத்தான் பாடத்தில் சொல்லித் தந்தார்கள். நிற்கிற பாலம் இன்னும் எவ்வளவு நாள் நிற்கும் என்பது சிலபஸில் இரண்டு பக்கம்தான் வருகிறது. அந்த இரண்டு பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊர் ரோட்டைப் பற்றி ஒரு செய்தி. முன்பு 49 என்று எண் போட்ட தேசிய நெடுஞ்சாலை இதுதான். நம் பக்கத்தில் இப்போது அதற்கு 85 என்று எண். பழைய 49 கொச்சியில் தொடங்கி, மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை, ராமநாதபுரம் வழியாகப் பாம்பன் தாண்டி தனுஷ்கோடியில் முடிந்தது. ஒரே ரோடு. அதன் நடுவில் மலை, கடைசியில் கடல். பாலம் எப்படிக் கெட்டுப்போகிறது என்று படிக்க நினைப்பவனுக்கு இதைவிட நல்ல ரோடு கிடைக்காது. கடற்பக்கம் இரும்பைத் துரு தின்கிறது. மலைப்பக்கம் கல்லைத் தண்ணீர் தள்ளுகிறது.

கடற்பக்கத்தை முதலில் பார்ப்போம். பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டு கி.மீ.க்குக் கொஞ்சம் அதிக நீளம். நடுவில் கப்பல் போக இரண்டாகப் பிளந்து தூக்கும் ஷெர்ஸர் தூக்குப் பாலம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. நூறுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போயின. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ.ஸ்ரீதரன், கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை மறுபடி ஓடவிட்டார். இது எல்லாரும் அறிந்த கதை. அறியாத பாதி அதற்குப் பின்னால் நடந்தது. அந்த உப்புக் காற்றில் இரும்புப் பாலம் நூறு வயதைத் தாண்டி நின்றது சும்மா நடக்கவில்லை. சுரண்டு, பெயிண்ட் அடி, மறுபடி சுரண்டு என்று ஆட்கள் ஓயாமல் வேலை பார்த்தார்கள்.

கடைசிக் காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியுடன் அந்தப் பாலத்தில் சென்ஸார்கள் பொருத்தினார்கள். நோயாளிக்கு இ.சி.ஜி. ஒயர் மாட்டுவது போலத்தான். இரும்பு எவ்வளவு நீள்கிறது என்று சொல்ல ஒரு வகை, எவ்வளவு அதிர்கிறது என்று சொல்ல இன்னொரு வகை. 2022 டிசம்பர் 23 அன்று தூக்குப் பாலப் பகுதியில் அதிர்வு அளவு மீறியதாக அபாய அறிவிப்பு வந்தது. அன்றோடு ரயில் நின்றது. பழைய பாலத்தில் அதற்குப் பிறகு ரயில் ஓடவேயில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கப்பட்டது. 18.3 மீட்டர் ஸ்பான்கள் 99, நடுவில் 72.5 மீட்டர் ஸ்பான் ஒன்று. அந்த ஸ்பான் லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே போகும். புதுப் பாலத்தைப் பற்றிப் பேப்பரில் பக்கம் பக்கமாக வந்தது. பழைய பாலம் தனக்கு முடியவில்லை என்று தானே சொல்லி, யாரும் சாகாமல் ஓய்வு பெற்றதே, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதிர்வை வைத்துச் சேதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? எங்கள் அப்பத்தா சந்தையில் மண்சட்டி வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். 'டங்'கென்று வந்தால் எடுப்பார். 'டப்'பென்று வந்தால் கீழே வைத்துவிடுவார். ஸ்டேஷனில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்களே, அதுவும் இதே வித்தைதான். ஒவ்வொரு பொருளுக்கும் இயற்கையான ஓர் அதிர்வெண் உண்டு. அது விறைப்பைப் பொறுத்தும் எடையைப் பொறுத்தும் இருக்கும். விரிசல் விட்டால் எடை குறையாது, விறைப்பு குறையும், அதிர்வெண் இறங்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்துக்குத்தான் நேர்விகிதம். விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் 5 சதவீதம்தான் குறையும். ஒரு பாலம் விநாடிக்கு 4 முறை அதிர்கிறது என்றால் அது 3.8 ஆகும், அவ்வளவுதான். நல்ல வெயிலுக்கும் மார்கழிப் பனிக்குமே சில சதவீதம் மாறிவிடும்! ஆகவே ஒரு நாள் போய் அளந்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் அளந்து, வெயிலால் வந்த மாற்றம் எது, விரிசலால் வந்த மாற்றம் எது என்று பிரிக்க வேண்டும். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் இந்த மாதிரி வேலைதான் நடக்கிறது. 1965-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். எஃகு இழை கலந்த கான்கிரீட்டில் பாதாளச் சாக்கடை மூடி செய்யும் முறையை நமக்குத் தந்தவர்கள். இரும்பு மூடியைத் திருடி எடைக்குப் போடுகிறவர்களுக்கு அதில் லாபமில்லை என்பது கூடுதல் நன்மை!

கான்கிரீட் பாலத்துக்கு வேறு பரிசோதனைகள். நம் லேபில் இருக்கும் ரீபவுண்ட் சுத்தியலை எல்லாரும் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். அது மேல்தோலை மட்டும்தான் சொல்லும். பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகிப்போய், உள்ளதைவிட நல்ல மார்க் போட்டுவிடும். உள்ளே பார்க்க அல்ட்ராசானிக். ஒலி விநாடிக்கு 4.5 கி.மீ.க்கு மேல் போனால் மிக நல்ல கான்கிரீட், 3 கி.மீ.க்குக் கீழே என்றால் சந்தேகக் கேஸ் என்பது 1992-ல் வந்த ஐ.எஸ். 13311 சொன்ன கணக்கு. கம்பி துருப்பிடிக்கிறதா என்று பார்க்க, தாமிரம்-தாமிர சல்பேட் மின்முனையை வைத்து மின்னழுத்தம் அளப்பார்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் உள்ளிருந்து கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளின் அடியில் அண்ணாந்து பாருங்கள், தெரியும்.

இவ்வளவு கருவி இருந்தும் பாலங்கள் ஏன் விழுகின்றன? பல சமயம் பாலத்தில் குறையே இருக்காது, காலுக்கடியில் மண் இருக்காது. 1956 நவம்பர் 23 அதிகாலை அரியலூர் பக்கம் மருதையாற்றில் வெள்ளம் அரித்த இடத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 150 பேர் வரை இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். 2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பழைய பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்தன. பக்கத்தில் புதுப் பாலம் வந்து, பழையதில் வண்டிகள் போகாததால் உயிர் தப்பியது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தூணைச் சுற்றிச் சுழலும் தண்ணீர் ஆழமாகப் பள்ளம் பறிக்கும். வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தைப் புதுமணல் மூடிவிடும். மறுநாள் போய்ப் பார்க்கிற இன்ஜினியருக்கு ஒன்றும் தெரியாது!

இனி நம் மலைப்பக்கம். மலைக்கும் தண்ணீருக்கும் உள்ள பகை புதிதல்ல. அந்தக் காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டக்குடிக்கு இறங்கி, பிறகு போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போனது. 1924 ஜூலை பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை துடைத்துப்போட்டது போலப் போய்விட்டது. மறுபடி யாரும் போடவில்லை. மூணாறு-போடிமெட்டு ரோட்டை ஏறக்குறைய 42 கி.மீ. அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தார்கள். அந்த வேலை நடந்த வருஷங்களிலும் கேப் ரோட்டில் மண் சரிந்துகொண்டேதான் இருந்தது.

அம்மா சொன்ன கல் பாலத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். மேலே கான்கிரீட் பலகை, இரண்டு பக்கமும் கல் சுவர். பலகையில் குறையில்லை. பள்ளத்துப் பக்க இறக்கைச் சுவர் சேரும் இடத்தில்தான் மேலிருந்து கீழாக விரிசல். என் சுண்டுவிரல் நுனி போகவில்லை, ஒரு ரூபாய்க் காசு போயிற்று. சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற விட்டிருந்த ஓட்டைகள் எல்லாம் மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தன.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சுவர் உயரம் 3 மீட்டர். பின்னால் காய்ந்த மண் மட்டும் இருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுவரைத் தள்ளும் விசை சுமார் 2.7 டன். பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால்? மண் மிதப்பதால் அதன் பங்கு 1.5 டன்னாகக் குறையும். ஆனால் தண்ணீரே 4.5 டன் தள்ளும். மொத்தம் 6 டன்! சுவர் கட்டியவர் மண்ணுக்குத்தான் கட்டியிருப்பார். அடைத்துப்போன ஓட்டை சுவரின் சுமையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டது. பாலத்தின் மேலே போகும் ஜீப்பில் எத்தனை பேர் என்பது இதற்கு முன்னால் ஒரு கணக்கே இல்லை.

விரிசல் பழசா, இன்னும் வளர்கிறதா? பழசு என்றால் பயமில்லை. சென்ஸாருக்கு எங்கே போவது? ஆசிரியர் ஒருவர் சொன்ன பழைய முறையைச் செய்தோம். போட்டோ ஃப்ரேம் கடையில் மிச்சப்பட்ட மெல்லிய கண்ணாடியை மூன்று பட்டையாக அறுத்து வாங்கினோம். செலவு இருபது ரூபாய். விரிசலின் குறுக்கே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று வைத்து இரு நுனியையும் எம்-சீலால் ஒட்டி, பக்கத்தில் பெயிண்டில் தேதி எழுதினோம். கண்ணாடி நீளாது. சுவர் துளி நகர்ந்தாலும் உடைந்துவிடும். "என்ன தம்பி, பாலத்துக்கு மூக்குக் கண்ணாடியா?" என்றார் ஜீப் டிரைவர் அண்ணன்.

ஐப்பசி மழை முடிந்து போனபோது மேல் கண்ணாடி உடைந்திருந்தது. நடுவும் கீழும் அப்படியே இருந்தன. அப்படியென்றால் சுவர் கீழே இறங்கவில்லை, தலைப்பக்கம் வெளியே சாய்கிறது. எங்கள் கணக்கு சொன்னது சரி. படம் வரைந்து, கணக்கும் எழுதி, சம்பந்தப்பட்டவர்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். இரண்டு மாதம் பதில் இல்லை. மூன்றாவது மாதம் ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனதாக அம்மா சொன்னார். சுவரை இன்னும் யாரும் தொடவில்லை.

அதற்குள் நாங்கள் சும்மா இருக்கவில்லை. டிரைவர் அண்ணன் கடப்பாரை கொண்டுவந்தார். அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தோம். மூன்றாவது ஓட்டையில் வேரை இழுத்ததும் செம்மண் தண்ணீர் குபுகுபுவென்று கொட்ட ஆரம்பித்து, நாங்கள் கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிற்கவில்லை. எவ்வளவு தண்ணீரை அந்தச் சுவர் முதுகில் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது பாருங்கள்! உடைந்த இடத்தில் புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டு வந்தோம்.

இப்போது அம்மாதான் எங்கள் இன்ஸ்பெக்டர். ஜீப் அந்தத் திருப்பத்தில் மெதுவாகப் போகும். அம்மாவும் கூட வரும் அக்காமார்களும் டார்ச் அடித்துப் பார்ப்பார்களாம். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, கால் கழுவுவதற்கு முன்னால் சொல்லிவிடுவார்: "இன்னைக்கும் ஒடயலப்பா."