ஆச்சி கேட்ட கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன், மாணவனாக இருந்தபோது, பம்பாய் தாராவியில் வீடு வீடாகச் சென்று ஆய்வுக்குத் தகவல் சேகரித்தேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் டீ கொடுத்து, மகன் சம்பளம், வட்டிக் கடன் எல்லாம் சொன்னார். பிறகு கேட்டார்: "தம்பி, இதெல்லாம் யாருக்கு எழுதுறீங்க? எம் பேரு வருமா?"

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தோடு விளக்கினேன். கடன் விவரத்தை அடிக்கச் சொன்னார்; அவர் எதிரிலேயே அடித்தேன். பேராசிரியர் கடிந்தும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை உண்மையைச் சொல்லாமல் ஆய்வுக்கு உட்படுத்தினர். அவர்களில் மேகநோய் கண்டவர்களுக்குப் பென்சிலின் வந்த பிறகும் அதைத் தரவில்லை. அந்த அநீதி அம்பலமான பின் பிறந்ததே 1979ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கை. மனிதரை மதித்தல், தீங்கு தவிர்த்து நன்மை நாடுதல், சுமையையும் பயனையும் நியாயமாகப் பகிர்தல் என்னும் அதன் மூன்று நெறிகள் சமூக ஆய்வுக்கும் பொருந்தும்.

அன்பர்களே, யாராவது படிவத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கேளுங்கள்: யார், எதற்கு, பெயர் வருமா, மறுக்கலாமா? கேட்பது நம் உரிமை. சொல்வது அவர் கடமை. இதை எனக்குக் கற்றுத் தந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆச்சிதான்.