முள்ளி என்று ஒரு பெயர்: ப்ராசஸர் வேகமும் போட்டியும்

இலக்கணம் படித்தவர்களுக்கு இடுகுறி, காரணம் என்ற பாகுபாடு நினைவிருக்கும். இரண்டுக்கும் நடுவே காரண இடுகுறி என்று ஒன்று உண்டு. முள்ளை உடையது முள்ளி. காரணம் இருக்கிறது. ஆனால் முள் உள்ள செடியெல்லாம் முள்ளி ஆகிவிடுவதில்லை. ஒன்றுக்கு மட்டும் அந்தப் பெயரை இட்டு வழங்குகிறோம். காரணம் பாதி, வழக்கு பாதி. கம்ப்யூட்டர் ப்ராசஸரின் பெட்டிமேல் அச்சாகியிருக்கும் வேகத்தின் எண்ணும் இந்த வகைப் பெயர்தான் என்பது என் வாதம். தமிழ் படித்தவனுக்கு சிப்பைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஒரு எண் அச்சாகி, விலையாகி, பொருளின் இயற்கை என்றே எல்லாரும் நம்பத் தொடங்குகிற இடத்தில் விமர்சகனுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

1

ஒரு வட்டமான சிலிக்கான் வில்லையில் நூற்றுக்கணக்கான சிப்களை ஒரே வரைபடப்படி பதிக்கிறார்கள். வரைபடம் ஒன்றே ஆனாலும் சிப்கள் ஒன்றுபோல் அமைவதில்லை. ஒன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும்; இன்னொன்று சீக்கிரம் சூடேறித் தடுமாறும். ஆகவே சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். அரிசி மண்டியில் சலிப்பதைப் போல. இதுவரை காரணப்பெயர்தான்.

ஆனால் சந்தை சல்லடைக்குக் கட்டுப்படாது. விலை உயர்ந்ததை வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், மலிவைக் கேட்கிறவர்கள் ஏராளம். தொழிற்சாலையில் நல்ல சரக்கு நிறைய விளைந்துவிட்டால் என்ன செய்வது? நல்லதையே தாழ்ந்த பெயர் ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். இப்படிப் பெயருக்கும் பொருளுக்கும் நடுவே விழுகிற இடைவெளிக்குள்தான் ஓவர்கிளாக்கிங் என்கிற காரியம் நடக்கிறது. கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டி, வாங்கியவனே சிப்பை ஓட்டிப் பார்ப்பது. அவ்வளவுதான்.

1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலிரான் 300ஏ இதற்குப் பாடநூல் உதாரணம். மொத்த விலை 149 டாலர். அதே நாளில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். இரண்டும் ஒரே வடிவமைப்புக் குடும்பம், ஒரே 0.25 மைக்ரான் தொழில்நுட்பம். செலிரானின் 300 என்பது 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கி வந்தது. மதர்போர்டில் 66 என்பதை 100 ஆக்கினால் 450. எல்லாச் சிப்பும் தாங்கவில்லை. ஆனால் நிறையத் தாங்கின. 450-இல் ஓடக்கூடியவை எத்தனையோ இருந்தும் ஒன்றுக்கு மட்டும் 450 என்று பெயர். முள்ளி!

2

இடைவெளி ஏன் சில காலத்தில் அகலமாகவும் சில காலத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கிறது? தொழில்நுட்பம் முதிர்வதும் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் எதிராளி. 1998-இல் மலிவுச் சந்தையில் இன்டெலுக்கு ஏஎம்டி நெருக்கடி கொடுத்தது. உச்சியில் யாரும் இல்லை. ஆகவே கீழே நல்ல சரக்கு, மேலே நல்ல விலை. 1999-இல் ஏஎம்டியின் ஆத்லான் வந்ததும் உச்சியிலும் சண்டை. 2000 மார்ச் 6-இல் ஏஎம்டி ஒரு கிகாஹெர்ட்ஸை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெலும் அறிவித்தது. அந்த வேகத்தில் ஜூலை இறுதியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ இன்டெல் வெளியிட்டது. விமர்சகர்கள் சோதித்தபோது நிலையாக ஓடவில்லை. ஆகஸ்டிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இங்கே எல்லையைத் தாண்டி ஓட்டியவன் வாங்கியவன் அல்ல, கம்பெனியேதான்.

கிராபிக்ஸ் கார்டில் இன்னும் தெளிவான சாட்சி. 2012 ஜனவரியில் ஏஎம்டியின் ரேடியான் 7970 விற்பனைக்கு வந்தபோது 925 மெகாஹெர்ட்ஸ், 549 டாலர். எதிரில் சமமான கார்டு இல்லை. வாங்கியவர்கள் 1000-ஐச் சுலபமாகத் தாண்டினார்கள். மார்ச்சில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680 499 டாலருக்கு வந்தது. ஜூனில் ஏஎம்டி அதே சிப்பை 1000 மெகாஹெர்ட்ஸ் என்று பெயர் மாற்றி, 499 டாலருக்கே விட்டது. ஜனவரியில் மிச்சமாகக் கிடந்தது ஜூனில் சரக்காயிற்று. மாறியது சிலிக்கான் அல்ல, பக்கத்துக் கடை.

ஆக, ஓவர்கிளாக்கிங்குக்கு எவ்வளவு இடமிருக்கிறது என்பது சிப்பின் குணம் மட்டுமல்ல, போட்டியின் அளவுமானி. வரப்போகிற சிப்பைப் பற்றி ஆர்வலர்கள் கேட்கிற கேள்வி, ‘இது எவ்வளவு ஏறும்?’ என்பது. அதற்குள் ஒளிந்திருக்கிற கேள்வி, ‘இதை விற்பவருக்கு எதிரே யார் இருக்கிறார்?’ என்பது.

3

மிச்சம் யாருடையது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. தொண்ணூறுகளில் தாழ்ந்த சிப்பில் உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்ற மோசடிக்காரர்கள் இருந்தார்கள். அதைத் தடுக்கவே பெருக்கத்தைப் பூட்டுவதாக இன்டெல் சொன்னது. நியாயம்தான். ஆனால் அந்தப் பூட்டு வாங்கியவன் கையையும் கட்டியது. 2000-இல் வந்த ஏஎம்டி ஆத்லான்களில் சிப்பின் மேலேயே அறுபட்ட சிறு இணைப்புகள் இருந்தன. சாதாரணப் பென்சிலால் கோடு இழுத்தால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பூட்டு திறக்கும். அடுத்த தலைமுறையில் அங்கே குழி போட்டு, பென்சிலுக்கு வேலையில்லாமல் செய்தார்கள்.

பிறகு நடந்தது சுவாரசியமானது. தடை செய்ததையே விற்க ஆரம்பித்தார்கள். 2010-இல் இன்டெல் ஒரு பென்டியத்தில் ஏற்கெனவே இருந்து மூடப்பட்ட திறன்களைத் திறக்க 50 டாலருக்குக் கார்டு விற்றுப் பார்த்தது. எதிர்ப்பு வந்து கைவிட்டது. 2011-இலிருந்து பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்துள்ள சிப்களில் மட்டுமே நன்றாக ஏற்ற முடியும். அந்த ஓர் எழுத்துக்குக் கூடுதல் விலை. 2012-இல், ஏற்றிக் கருகினால் மாற்றித்தர ஒரு காப்புத்திட்டமும் வந்தது. மீறல் இப்படித்தான் பண்டமாகிறது. இலக்கியத்தில் நமக்கு இது புதிதா என்ன?

4

2017-இல் ஏஎம்டியின் ரைசன் வந்தபின் போட்டி மறுபடி சூடுபிடித்தது. பத்து வருஷமாக நாலு கோர்களோடு நின்றிருந்த இன்டெலின் சாதாரண மேசைக் கம்ப்யூட்டர் சிப், அதே வருஷம் ஆறுக்குப் போயிற்று. லாபம் வாங்குகிறவனுக்கு. ஆனால் இடைவெளி மூடிவிட்டது. சிப்பே தன் சூட்டையும் மின்சாரத்தையும் அளந்து கணத்துக்குக் கணம் தன்னை ஏற்றிக்கொள்கிறது. 2023 அக்டோபரில் இன்டெலின் 14900கே, 6 கிகாஹெர்ட்ஸ் என்ற பெயரோடு வந்தது. மின்னழுத்தம் கூடினால் செலவாகும் மின்சக்தி அதன் வர்க்கமாகக் கூடும். சூடும் தேய்மானமும் பின்னாலேயே வரும். 2024-இல் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள் பலரிடம் நிலைகுலைந்தன. மிகையான மின்னழுத்தம் காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டியது. 2000-இன் கதை திரும்ப வந்தது.

போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டி இல்லாத வருஷங்களில் கொடுத்த காசுக்குக் குறைவாகத்தான் கிடைத்தது. ஆனால் அந்த மிச்சம் வெறும் வேகமல்ல, ஆபத்துக்கான ஒதுக்கீடும் அதுதான். முன்பு அதைச் செலவழிப்பதா வைத்துக்கொள்வதா என்று வாங்கியவன் முடிவு செய்தான். கருகினால் அவன் பொறுப்பு. இப்போது அவனைக் கேட்காமலே விற்பவர் செலவழித்துவிட்டு, அதற்கும் சேர்த்து விலை வாங்கிக்கொள்கிறார். அடுத்த சிப்பின் பெட்டியில் பெரிய எண்ணைப் பார்க்கும்போது, அதில் காரணம் எவ்வளவு, இடுகுறி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.