குடலும் கல்லீரலும் – 11: வாயிலிருந்து இறங்கியவை

பித்தநீர் குறைந்தால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகும் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் குடல் சுவரில் காவல் நிற்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வருவோம். ஆனால் அவை எதிர்கொள்ளும் பாக்டீரியாக் கும்பல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

2014-ல் சீனாவின் ஹாங்சோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கல்லீரல் வடுப்பட்டு இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிகள் 98 பேர், நோயில்லாதவர்கள் 83 பேர். இரு தரப்பின் மலத்திலும் இருந்த பாக்டீரியா மரபணுக்களை ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தவற்றில் இனம் தெரிந்த பாக்டீரியாக்களில் 54 சதவீதம் வாயைச் சேர்ந்தவை! ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெய்லோனெல்லா என்று பல்லிலும் நாக்கிலும் வாழ வேண்டியவை பெருங்குடல்வரை இறங்கியிருந்தன. எச்சிலோடு இவற்றை நாம் எல்லோரும் தினமும் விழுங்குகிறோம், அதில் வியப்பில்லை. பெரும்பகுதியை இரைப்பை அமிலம் கொன்றுவிடும். தப்பியதைப் பித்த அமிலம் அடக்கும். அதையும் தாண்டியதற்குப் பெருங்குடலின் பழைய குடிகள் இடம் தராது. இந்த மூன்று தடைகளும் ஒரே உடலில் தளர்ந்தால் வந்தவை எளிதில் தங்கிவிடும். சிரோசிஸில் நடப்பது அதுதான். குடலுக்கு வரும் பித்த அமிலம் குறைகிறது. அடிக்கடி எடுக்கும் ஆன்டிபயாடிக் பழைய குடிகளைக் குலைக்கிறது. பேன்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் இரைப்பை அமிலத்தையும் குறைத்துவிடுகின்றன. (ரத்த வாந்திக்குப் பிறகு மருத்துவர் தரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, தேவை தீர்ந்த பிறகும் அது ஏன் தொடர்கிறது என்பதை மருத்துவரிடமே கேட்கலாம்.)

குடல் கெட்டதால் வேற்றிடத்துப் பாக்டீரியா வந்தது, ஆக இது நோயின் விளைவுதானே, காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலத்தை ஒப்பிடுவதால் மட்டும் விடை கிடைக்காது. எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டும். 2017-ல் எலிகளின் அமிலச் சுரப்பைத் தடுத்தபோது குடலில் என்டெரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகியது, மதுவால் ஏற்படும் கல்லீரல் சேதமும் கூடியது. அடுத்த சான்று மனிதர்களிடமிருந்து. அமெரிக்காவின் ரிச்மண்டில் ஜஸ்மோகன் பஜாஜ் குழு சிரோசிஸ் நோயாளிகளின் ஈறு நோய்க்குச் சிகிச்சை அளித்து, 2018-ல் முடிவை வெளியிட்டது. கல்லீரலைத் தொடவே இல்லை. ஆனாலும் ரத்தத்தில் எண்டோடாக்சினும் அழற்சியும் குறைந்தன. எண்டோடாக்சின் என்பது சிலவகை பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள நச்சு. அது குடலின் ரத்தத்தைக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலை அடையும்போது அங்குள்ள குப்ஃபர் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் சீறுகின்றன. குடல் சுவரிலோ, நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் டி.என்.எஃப். என்ற புரதம் சுவரின் இணைப்புகளைத் தளர்த்தி, இன்னும் நச்சு கசிய வழிசெய்கிறது. விளைவாகத் தொடங்கியது இப்படித்தான் காரணமாகவும் ஆகிறது. ஈறு சிகிச்சையால் சிரோசிஸ் குணமாகும் என்று அந்தச் சிறிய ஆய்வு சொல்லவில்லை. வாயிலிருந்து கல்லீரலுக்கு ஒரு பாதை உண்டு, அதை இடையில் மறிக்கலாம் என்று சொல்கிறது.

அப்படியானால் ஆன்டிபயாடிக் கொடுத்து எல்லாவற்றையும் ஒழித்துவிடலாமே? ஓரளவு பலன் உண்டு. சிரோசிஸில் வயிற்றில் சேரும் மகோதர நீரில் கிருமித்தொற்று ஒருமுறை வந்தவர்களுக்கு அது ஓராண்டுக்குள் திரும்புவதை நார்ஃப்ளாக்சசின் 68 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததாக 1990-ல் ஒரு ஸ்பானிய ஆய்வு காட்டியது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிகள் மிஞ்சும். ரத்தத்தில் அதிகம் கலக்காத ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக் வேறு பாடம் சொல்கிறது. 2010-ல் வெளியான 299 நோயாளிகளின் ஆய்வில், ஆறு மாதத்தில், கல்லீரல் கெட்டதால் வரும் மூளைக் குழப்பம் திரும்ப வந்தவர்கள் அம்மருந்து பெற்றவர்களில் 22 சதவீதம், பெறாதவர்களில் 46 சதவீதம். குடல் பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பையோ அது பெரிதாக மாற்றுவதில்லை என்று பஜாஜ் குழுவின் 2013 ஆய்வு காட்டியது. எனவே தலைகளை எண்ணிக் குறைப்பது மட்டும் சிகிச்சை ஆகாது. அந்தக் கூட்டம் என்ன சுரக்கிறது, காவல் செல்கள் அதை எப்படி வாசிக்கின்றன என்பதும் தெரிய வேண்டும்.

அந்த வாசிப்பில் கைதேர்ந்தவை மெயிட் செல்கள். வைட்டமின் பி2 தயாரிக்கும் பாக்டீரியாவை, அந்தத் தயாரிப்பின் இடைப்பொருளை வைத்தே அவை அடையாளம் காண்கின்றன. சிரோசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் அவை வெகுவாகக் குறைந்துபோகின்றன. செத்தனவா, ரத்தத்தை விட்டு வேறெங்காவது போயினவா? இந்த வாரத்துக்கென வாக்களித்தது அடுத்த வாரத்துக்குப் போகிறது.