உதிரிச் சக்கரம் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்: குறைவது எடை மட்டும்தானா?

ஸ்போர்ட்ஸ் கார்களில் உதிரிச் சக்கரம் வைக்கும் வழக்கத்தைப் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் கைவிட்டுவிட்டனர். அந்த இடத்தில் இப்போது இருப்பது பசைத் திரவம் அடைத்த ஒரு போத்தலும், கையடக்கக் காற்றழுத்தக் கருவியும்தான். பழைய கார்களை வைத்திருப்போரில் சிலரும் இதைப் பின்பற்றி, டிக்கியில் இருக்கும் சக்கரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பயணிக்கின்றனர். இருவருமே கூறும் காரணம் எடைக் குறைப்பு.

தமிழ்நாட்டில் பஞ்சர் கடை எட்டிய தூரத்தில் இருக்கும். ஊருக்கும் ஊருக்கும் இடையே நூறு கிலோமீட்டர் வெறும் சாலையாகக் கிடக்கக்கூடிய ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. எனவே இந்த எடைக் குறைப்பால் கிடைப்பது எவ்வளவு, இழப்பது எவ்வளவு என்ற கேள்விக்கு அங்கு கூடுதல் பொருள் உண்டு.

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மல்கிரேவ் புறநகர், இந்தக் கேள்வியை ஆராயப் பொருத்தமான இடம். வெலிங்டன் சாலையில் மாஸ்டா, லெக்சியா பிளேஸில் மெர்சிடிஸ் பென்ஸ், ஸ்பிரிங்வேல் சாலையில் பி.எம்.டபிள்யூ என மூன்று பெரிய நிறுவனங்களின் ஆஸ்திரேலியத் தலைமை அலுவலகங்கள் அமைந்த பகுதி இது. வெளிநாட்டில் உருவாகும் ஒரு கார் எந்தெந்தச் சாதனங்களோடு ஆஸ்திரேலியச் சந்தைக்கு வரவேண்டும் என்பது இத்தகைய அலுவலகங்களின் வழியாகவே முடிவாகிறது. புதிய கார் உதிரிச் சக்கரத்தோடுதான் விற்கப்பட வேண்டும் என்று ஆஸ்திரேலிய வாகன வடிவமைப்பு விதிகள் கட்டாயப்படுத்தவில்லை.

ஸ்டெப்னி வந்த கதை

தமிழ்நாட்டில் உதிரிச் சக்கரத்தைக் குறிக்கப் புழங்கும் ஸ்டெப்னி என்ற சொல் ஒரு தெருவின் பெயரிலிருந்து வந்தது. தொடக்க காலக் கார்கள் உதிரிச் சக்கரம் இல்லாமலே ஓடின. டயர் பழுதானால் சாலையோரத்திலேயே அதைக் கழற்றி ஒட்டவேண்டும். 1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர், பழுதான சக்கரத்தின் மீதே பொருத்திக்கொள்ளக்கூடிய, ஆரக்கால்கள் இல்லாத ஒரு வட்டச் சட்டத்தை டயருடன் உருவாக்கினார். தொழிற்கூடம் இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே அந்தச் சக்கரத்துக்கும் அமைந்தது. பிரிட்டனில் அந்தச் சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியாவின் பணிமனைகளில் நூறாண்டுகளுக்குப் பிறகும் வாழ்கிறது.

வாகனத்துக்கு உதிரிச் சக்கரம் தேவையில்லை என்ற சிந்தனை, ஒருவகையில், 1904க்கு முந்திய நிலைக்குத் திரும்புவதுதான். இடையில் டயர்கள் பெரிதும் மேம்பட்டுவிட்டன என்பதே அதற்கு ஆதரவாக வைக்கப்படும் வாதம்.

கிராம் கணக்கில் எடை

மாஸ்டாவின் எம்.எக்ஸ்-5 இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் கார். 1989இல் அறிமுகமான முதல் தலைமுறையில் சிறிய தற்காலிக உதிரிச் சக்கரம் டிக்கியில் இருந்தது. இரண்டாம் தலைமுறையில், காரின் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தும் நோக்கில் அது டிக்கியின் தளத்துக்கு அடியில் இறக்கப்பட்டது. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையில் பசைப் போத்தல் அந்த இடத்தைப் பிடித்தது.

அந்தத் தலைமுறையை வடிவமைத்தபோது மாஸ்டாவின் பொறியாளர்கள் ஒவ்வொரு பாகத்தையும் கிராம் கணக்கில் எடைபோட்டுக் குறைக்கும் முறையைக் கையாண்டனர். ஓட்டுநரின் பின்னோக்குக் கண்ணாடியில் மட்டும் 84 கிராம் குறைத்ததாக அந்நிறுவனம் பெருமையுடன் அறிவித்தது. 2015இல் வந்த நான்காம் தலைமுறையில் சக்கரத்துக்கு ஐந்துக்குப் பதிலாக நான்கு நட்டுகளே பொருத்தப்பட்டன. காரின் எடையும் ஏறத்தாழ 1000 கிலோவுக்கு இறங்கியது. கண்ணாடியில் 84 கிராமுக்காகப் போராடும் பொறியாளர், ஆண்டுக்கொருமுறைகூடப் பயன்படாத 15 கிலோவை டிக்கியில் விட்டுவைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சிறிய உதிரிச் சக்கரம், ஜாக்கி, திருகுக்கோல் ஆகியவற்றின் மொத்த எடை பொதுவாக 15 கிலோ அளவில் இருக்கும். முழு அளவுச் சக்கரமானால் 20 கிலோவைத் தாண்டலாம். பசைப் போத்தலும் காற்றழுத்தக் கருவியும் சேர்ந்து சில கிலோதான்.

1000 கிலோ எடையும் 100 கிலோவாட் ஆற்றலும் கொண்ட காரிலிருந்து 15 கிலோவை அகற்றினால், எஞ்சின் ஆற்றல் ஒன்றரை கிலோவாட் கூடியதற்கு ஒப்பான பலன் கிடைக்கும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 7 விநாடி எடுத்துக்கொண்ட கார், ஏறக்குறைய 6.9 விநாடியில் எட்டும். 20 லிட்டர் பெட்ரோலின் எடையும் ஏறத்தாழ 15 கிலோதான். அதாவது, தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பிக்கொண்டு புறப்படும் ஓட்டுநருக்கு இதே பலன் எதையும் கழற்றாமலே கிடைக்கிறது.

எடை எங்கிருந்து அகற்றப்படுகிறது என்பதும் முக்கியம். 2.3 மீட்டர் அச்சு இடைவெளி கொண்ட காரில், பின்னச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் 15 கிலோவை எடுத்தால், பின்சக்கரங்களின் மீதான சுமை ஏறத்தாழ 19 கிலோ குறையும். முன்சக்கரங்களின் சுமை 4 கிலோ கூடும். முன்னும் பின்னும் சரிபாதியாக எடை பகிரப்பட்டிருந்த கார், முன்பக்கம் 51 விழுக்காட்டுக்குச் சற்று மேல் சாய்ந்துவிடும். உதிரிச் சக்கரத்தை முன்பக்கத்தில் வைத்திருந்த பழைய போர்ஷே 911 போன்ற கார்களில் விளைவு நேர்மாறாக இருக்கும். காரின் ஓரத்திலிருந்து எடை போவதால் வளைவுகளில் அது சற்று விரைவாகத் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் உதிரிச் சக்கரத்தையும் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்ட காரில் அதைக் கழற்றுவது, வடிவமைப்பாளர் அமைத்த சமநிலையைக் கலைப்பதும் ஆகும்.

சுழலும் சக்கரங்களின் எடை இதைவிடக் கூடுதலாக வாகனத்தைப் பாதிக்கிறது. சக்கர விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ போலச் செயல்படும். மேடுபள்ளங்களில் டயர் தரையை விடாமல் பற்றுவதையும் அது கடினமாக்கும். டிக்கியில் சும்மா கிடக்கும் சக்கரத்துக்கு இந்தக் குணம் இல்லை.

எடை இடம் மாறிய விதம்

காற்று இறங்கிய பிறகும் தடித்த பக்கச் சுவரின் பலத்தில் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்களின் வரலாறு இங்குதான் சுவையானதாகிறது. அமெரிக்காவின் ஷெவர்லே கொர்வெட் 1997இல் இத்தகைய டயர்களோடும், உதிரிச் சக்கரம் இல்லாமலும் வெளிவந்தது. பி.எம்.டபிள்யூ தனது இசட்8, இசட்4 கார்களில் இவற்றைப் பொருத்தியது. பின்னர் 2005இல் வந்த மூன்றாம் வரிசைச் சாதாரணக் கார்களுக்கும் விரிவுபடுத்தியது. பழுதான பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் வரை செல்லலாம் என்பதே இவற்றின் பொதுவான வரம்பு.

ஆனால் தடித்த பக்கச் சுவர் கொண்ட டயர், சாதாரண டயரைவிட எடை கூடியது. டிக்கியிலிருந்து அகற்றிய எடையில் ஒரு பகுதி, அதிகத் தீங்கு செய்யும் இடமான நான்கு சக்கரங்களுக்கே போய்ச் சேர்கிறது. இதை நன்கு அறிந்திருந்த பி.எம்.டபிள்யூ, அதே காலத்தில் தனது அதிவேகக் காரான எம்3க்கு ரன்-ஃபிளாட் டயர்களைத் தராமல் சாதாரண டயர்களோடு பசைப் போத்தலைக் கொடுத்தது. எம்3இன் எடை குறைந்த வடிவமாக 2003இல் வந்த சி.எஸ்.எல். காரில் டிக்கியின் தளமே அட்டைப் பலகையால் ஆனது.

எனவே உதிரிச் சக்கரம் மறைந்ததற்கு எடை மட்டும் காரணம் என்று கூறுவது முழு உண்மையல்ல. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்டயரும் பின்டயரும் வெவ்வேறு அளவு. ஒரே உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் முழுமையாகப் பொருந்தாது. பெரிய பிரேக் தட்டுகளின் மீது சிறிய சக்கரம் ஏறாது. டிக்கியில் இடம் குறைவு. சக்கரத்தைத் தராவிட்டால் உற்பத்திச் செலவு மிச்சம். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கார்களின் கரியமில வாயு வெளியீட்டுக்கு வரம்பு விதித்த பின்னர் ஒவ்வொரு கிலோவும் எரிபொருள் சோதனையில் கணக்குக்கு வந்தது. இவற்றில் சில விளம்பரத்துக்கு உதவாதவை. எடைக் குறைப்பு என்ற சொல் உதவுகிறது.

தடமும் சாலையும்

மல்கிரேவுக்கு அடுத்துள்ள ஸ்பிரிங்வேலில், குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்றி அமைந்த சாண்டவுன் தடத்தில் 1962ஆம் ஆண்டு முதல் கார்ப் பந்தயம் நடந்துவருகிறது. ஒரு சுற்று 3.1 கிலோமீட்டர். இத்தகைய தடங்களில் ஓட்டுவோர் உதிரிச் சக்கரத்தைக் கழற்றுவதில் விவாதத்துக்கு இடமில்லை. காருக்குள் தளர்வாக இருக்கும் எந்தப் பொருளும் விபத்தின்போது ஆபத்தானது; டயர் பழுதானால் இழுத்துவர வாகனம் தயாராக நிற்கும்; ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் அங்கே மதிப்பு உண்டு.

அதே கார் வார இறுதியில் ஹீல்ஸ்வில்லைத் தாண்டி பிளாக் ஸ்பர் மலைச்சாலைக்கோ, வார்பர்டனுக்கு அப்பால் உள்ள ரீஃப்டன் ஸ்பர் சாலைக்கோ செல்லும்போது நிலைமை தலைகீழாகிறது. மெல்பர்னின் ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்கள் விரும்பிச் செல்லும் வளைவு நிறைந்த சாலைகள் இவை. உயர்ந்த மரங்களுக்கிடையே கைப்பேசி இணைப்பு தொடர்ந்து கிடைப்பதில்லை. கூரிய கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் பசையால் அதை அடைக்க முடியாது. பசைத் திரவம் பயன்படுவது டயரின் தரைப்பகுதியில் ஆணி போன்றவை இடும் சிறு துளைகளுக்கு மட்டுமே. சாலையோர உதவிச் சேவையை அழைத்தாலும், வருபவர் ஸ்போர்ட்ஸ் காருக்கான அகலமான டயரை உடன் கொண்டுவருவதில்லை. காரை ஏற்றிச் செல்வது ஒன்றே வழி. சிறு நகரக் கடைகளில் அந்த அளவு டயர் இருப்பில் இல்லையெனில் ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க நேரலாம்.

மறுபக்கமும் உண்டு. மல்கிரேவின் ஊடாகச் செல்லும் மோனாஷ் விரைவுச்சாலையின் ஓரத்தில், கனரக வாகனங்கள் உரசிச் செல்ல, மண்டியிட்டுச் சக்கரம் மாற்றுவது உயிராபத்தான வேலை. அங்கே ரன்-ஃபிளாட் டயரில் அடுத்த வெளியேறும் வழிவரை மெதுவாகச் சென்றுவிடுவதே பாதுகாப்பு. உதிரிச் சக்கரம் இருந்தாலும் சிக்கல்கள் தீர்வதில்லை. சிறிய உதிரிச் சக்கரத்துக்கு வழக்கமான டயரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு, அதாவது 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் தேவை, பல ஆண்டுகள் யாரும் பார்க்காமல் விட்ட சக்கரம் தேவைப்படும் நாளில் காற்றிறங்கிக் கிடக்கும். வழுக்கல் தடுப்பு டிஃபரன்ஷியல் கொண்ட காரின் பின்னச்சில் அளவு குறைந்த சக்கரத்தை மாட்டி நெடுந்தூரம் ஓட்டினால் அந்த அமைப்பே பழுதாகலாம். முன்சக்கரம் ஒன்றைப் பின்னால் மாற்றி, சிறிய சக்கரத்தை முன்னால் மாட்டவேண்டும். இருவர் மட்டுமே அமரக்கூடிய காரில், கழற்றிய பெரிய சக்கரம் டிக்கியில் நுழையாது. பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் மடிதான் அதற்கு இடம்.

இந்தியாவின் விதித்திருத்தம்

இந்தியாவில் இது ஸ்போர்ட்ஸ் கார்களோடு நிற்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020ஆம் ஆண்டு ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, டியூப் இல்லாத டயர்களும், டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பழுதுநீக்கும் சாதனமும் உள்ள பயணிகள் கார்களுக்கு உதிரிச் சக்கரம் கட்டாயமில்லை. மிச்சமாகும் இடத்தில் மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் மின்கலம் வைக்கலாம் என்பது அப்போது கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. பஞ்சர் கடைகள் நிறைந்த நாட்டில் இந்தத் திருத்தத்தால் எழும் சிரமம் ஆஸ்திரேலியாவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் குழிகள் மலிந்த சாலையில் கிழிபடும் பக்கச் சுவரைப் பஞ்சர் கடையாலும் நம்பத்தக்க வகையில் ஒட்ட முடியாது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குவோர் இப்போது எதிர்கொள்வது வேறொரு நிலை. பசைத் திரவத்துக்குக் காலாவதி நாள் உண்டு. சில ஆண்டுகளில் அது உறைந்துவிடக்கூடும். முந்தைய உரிமையாளர் உதிரிச் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்ட காரில் போத்தலும் இருப்பதில்லை; தொழிற்சாலையிலிருந்தே சக்கரம் இல்லாமல் வந்த காரில் போத்தல் காலாவதியாகியிருக்கலாம். டிக்கியின் விரிப்பைத் தூக்கி, போத்தலின் அடியில் அச்சிட்ட தேதியைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சாதாரண ஆணித் துளையைச் சாலையோரத்திலேயே அடைக்க உதவும் ரப்பர் திரி, குத்தூசி, சிறு காற்றழுத்தக் கருவி ஆகியவற்றின் மொத்த எடை இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் வராது.